ஐந்தாவது கோப்பை

தீபாவளிக்குத் திண்டுக்கல் வந்திருந்த அக்கா மகன், மொட்டை மாடியில் உட்கார்ந்து தன் கைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினான். பெங்களூரில் மூன்று வருடங்களாக அவன் குடித்த பியர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஐந்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண், கீழே இரண்டு வரிக் குறிப்பு. ஒன்றில் கசப்பு நாக்கின் அடியில் தங்குகிறது, இன்னொன்றில் ஆரஞ்சுத் தோல் வாசனை வருகிறது என்றெல்லாம் எழுதி வைத்திருந்தான்.

"இதுக்குப் பரீட்சை எழுதின நடுவர்களே இருக்காங்க மாமா" என்றான். அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்ற அமைப்பு பியர் நடுவர்களுக்குத் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது. அவர்களுடைய தாளில் மொத்தம் 50 மதிப்பெண்: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. கண்ணுக்கு மூன்றே மதிப்பெண் வைத்து மூக்குக்கும் நாக்குக்கும் 32 ஒதுக்கியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அவன் கடைசியாகச் சொன்னதுதான். "நான் இங்க மார்க் போட்டா, அதைக் காய்ச்சினவர் அன்னைக்கு ராத்திரியே பாத்துருவார்."

இதை வத்தலக்குண்டு நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "நம்ம ஊர்லயும் மார்க் போடுறாங்க, காபிக்கு. தை பொறக்கட்டும், வாங்க" என்றார்.

பொங்கல் கழிந்த வாரம் போனேன். செம்பட்டி தாண்டியதும் வலப்பக்கம் கீழ்ப்பழனி மலை கூடவே வருகிறது. மேலே பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, ஆடலூர், கே.சி.பட்டி. அங்கே பலா மரத்து நிழலிலும் சில்வர் ஓக் நிழலிலும் மிளகுக் கொடியோடு சேர்ந்து வளர்கிற காபி, பழமாகிப் பறித்துக் காய்ந்து மூட்டையாகச் சமவெளிக்கு இறங்குகிறது. வத்தலக்குண்டும் பட்டிவீரன்பட்டியும் பல தலைமுறைகளாக அந்த மூட்டைகள் வந்து சேரும் ஊர்கள். சென்னை பாண்டி பஜாருக்குத் தன் பெயரைக் கொடுத்த சுயமரியாதை இயக்கத் தலைவர் சௌந்திரபாண்டியனார் பட்டிவீரன்பட்டிக்காரர், தோட்டக் குடும்பத்தில் வந்தவர்.

நண்பர் அழைத்துப் போனது ஒரு கியூரிங் ஆலை. தோல் நீக்கும் இயந்திரம், கல் பிரிக்கும் இயந்திரம், சல்லடைகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கொட்டையின் அளவைப் பார்த்துப் பிரிப்பது அங்கேதான். 6.65 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் நிற்பது பிளாண்டேஷன் ஏ. ஒரு பழத்துக்குள் இரண்டாகப் பிரியாமல் உருண்டையாக ஒற்றையாக விளைந்தது பீபரி. காபித்தூள் கடைப் பலகையில் நாம் வாசிக்கும் பெயர்கள் இவை. இரைச்சலிலும் தூசியிலும் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. பின்கட்டில் இருந்த சின்ன அறைக்குப் போனோம்.

அங்கே முப்பது வயதுகூட ஆகாத ஒரு தம்பி இருந்தார். வத்தலக்குண்டுப் பையன், பெங்களூரில் காபி ருசிப்பு படித்தவர். ஆசியாவின் முதல் பெண் காபி ருசிப்பாளர் என்று பெயர் பெற்ற சுனாலினி மேனனைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. காபி வாரியத்தின் தரப் பிரிவுக்குத் தலைமை வகித்து, பிறகு பெங்களூரில் சொந்தமாக ருசிக்கூடம் நிறுவியவர் அந்த அம்மா. "இந்தியக் காபின்னா சிக்கரி போட்டுக் குடிக்கிறதுக்குத்தான்னு இருந்த பேச்சை அவங்கதாண்ணே மாத்துனாங்க."

தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தார். சாப்பாட்டுக் கரண்டியைவிட வட்டமாக, குழிவாக, நான்கைந்து மில்லி கொள்ளும் அளவில் இருந்தது. முதல் சம்பளத்தில் வாங்கியதாம். யாருக்கும் தருவதில்லை, சாப்பிட அதைப் பயன்படுத்துவதில்லை, சோப்பு போட்டும் கழுவுவதில்லை, வெந்நீர் மட்டும்தான். "சோப்பு வாசனை ஒட்டுச்சுன்னா அன்னைக்குப் பூரா எனக்கு மூக்கு இல்லைண்ணே."

மேசையில் ஐந்து கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஐந்தும் ஒரே மூட்டையிலிருந்து எடுத்த மாதிரி. முந்தின நாள் வறுத்து ஆறவைத்த கொட்டை, கோப்பைக்கு 8.25 கிராம். அதை ஐந்து முறை தனித்தனியாக அரைத்தார். மொத்தமாக அரைத்துப் பங்கிட்டால் நேரம் மிச்சமாகுமே என்றேன். "பங்கிட்டா தப்பும் பங்காயிரும்ணே. ஒரு கொட்டை கெட்டுருந்தா, அது எந்தக் கப்புல இருக்குன்னு தெரியணும்" என்றார்.

வெந்நீர் 93 டிகிரி, கோப்பைக்கு 150 மில்லி. பொடி மேலே மிதந்து ஆடை போலக் கெட்டியானது. நான்கு நிமிடம் ஆனதும் குனிந்து, மூக்கைக் கோப்பைக்கு அருகில் கொண்டுபோய், கரண்டியின் பின்புறத்தால் அந்த ஆடையை உடைத்தார். அந்த ஒரு நொடியில் எழும் ஆவிக்கு வாசனை மதிப்பெண்ணில் முக்கியமான பங்கு உண்டு. பிறகு மேலே நின்ற நுரையை வழித்தெடுத்துவிட்டுக் காத்திருந்தார். "சூட்டுல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆறட்டும், பாப்போம்."

சூடு 70 டிகிரிக்கு இறங்கியதும் கரண்டியில் எடுத்து, சீட்டியடிப்பது போன்ற சத்தத்துடன் உறிஞ்சினார். திரவம் தூவானமாக வாய் முழுக்கப் பரவி மூக்கின் பின்வழி வரை எட்டவேண்டும் என்பதற்காக அந்தச் சத்தம். பிறகு துப்பிவிட்டார். ஒரு நாளைக்கு நூறு கோப்பை வந்தாலும் நாக்கு தெளிவாக இருக்கவேண்டும் அல்லவா. ஆற ஆற மறுபடியும் மறுபடியும் அதே கோப்பைகளுக்கு வந்தார்.

அவர் நிரப்பிய தாளில் மொத்தம் 100. பத்துத் தலைப்பு, தலைப்புக்குப் பத்து. வாசனை, சுவை, விழுங்கிய பின் தங்கும் சுவை, புளிப்பு, கனம், இவற்றுக்குள் இருக்கும் சமநிலை, மொத்த அபிப்பிராயம் ஆகிய ஏழுக்கும் கால் கால் மதிப்பெண்ணாக ஏற்றி இறக்கிப் போடுகிறார்கள். ஐந்து கோப்பையும் ஒன்றுபோல் இருக்கிறதா, கறையில்லாமல் இருக்கிறதா, இனிப்பு இருக்கிறதா என்ற மற்ற மூன்றுக்கும் கோப்பைக்கு இரண்டு வீதம். 80 வந்தால் உலகச் சந்தையில் அது சிறப்புக் காபி. அதற்குக் கீழே போனால் வெறும் காபி. இந்த முறையைச் சில ஆண்டுகளாக மாற்றி எழுதிவருகிறார்கள் என்றாலும், வாங்குபவர்களின் வாயில் இன்னும் நிற்பது அந்த எண்பதுதான்.

குறிப்பு எழுதும் பகுதியில் தம்பியின் கையெழுத்தைப் பார்த்தேன். 'கமலா ஆரஞ்சு. கருப்பட்டி. செங்காய்ப் புளி. ஆறினபின் சிறுமலை வாழைப்பழம்.' காபி உலகத்துக்கென்று ஒரு சுவைச் சக்கரம் இருக்கிறது. 1995-ல் வரைந்து 2016-ல் திருத்தியது. அதில் புளூபெர்ரியும் பிளாக்பெர்ரியும் இருக்கின்றன. "நான் சாப்பிடாத பழத்தை எப்படிண்ணே எழுதுறது? வெளிநாட்டுக்கு அனுப்பறப்ப அவங்க பேரை எழுதுவேன். எனக்குன்னு எழுதறப்ப நம்ம பழம்" என்றார். காய்க்கும் பழத்துக்கும் நடுவே நிற்கிற செங்காய்ப் புளியின் இனிப்புக் கலந்த புளிப்பைச் சிறுவயதில் டவுசர் பையில் வைத்துத் தின்றவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும்.

எனக்குச் சி.சு. செல்லப்பாவின் நினைவு வந்தது. வத்தலக்குண்டு அவருடைய ஊர். 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, ஒரு படைப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் போதாது, ஏன் நன்றாக இருக்கிறது என்று அலசிச் சொல்லவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். அதே ஊரில் இந்தத் தம்பி ஒரு வாய்க் காபியை அலசிக்கொண்டிருக்கிறார். எண்ணைவிட அதன் பக்கத்தில் எழுதும் காரணமே பெரிது. காரணம் தெரிந்தால்தான் அடுத்த வருடம் திருத்திக்கொள்ள முடியும்.

ஐந்தாவது கோப்பைக்கு வந்தபோது அவர் முகம் மாறியது. மறுபடி உறிஞ்சினார். என்னையும் பார்க்கச் சொன்னார். முதல் நான்கிலும் இருந்த கமலா ஆரஞ்சு இதில் இல்லை. ஈரச்சாக்கு வாசனை மட்டும் தூக்கலாக இருந்தது. "ஒரு கொட்டைண்ணே. ஒரே ஒரு கெட்ட கொட்டை."

கணக்கை அவர் போட்டுக்காட்டினார். முதல் ஏழு தலைப்பிலும் சேர்த்து 53. மற்ற மூன்றும் முழுசாகக் கிடைத்திருந்தால் 83. ஒரு கோப்பை கெட்டதால் ஒன்றுபோல் இருப்பதில் 2 போனது, கறையில்லாமையில் 2 போனது, குறைக்காக இன்னொரு 2. மிச்சம் 77. ஒரு கோப்பைக்கு ஐம்பது அறுபது கொட்டை விழும். அதில் ஒன்று அந்த மூட்டையை எண்பதுக்குக் கீழே தள்ளிவிட்டது. "நம்ம மேசைங்கிறதால மறுபடி வறுத்து வச்சுப் பாத்துருவேன். வாங்குறவர் மேசையில இப்படி ஆனா முடிஞ்சது."

அந்தக் கொட்டை எங்கே தப்பியது என்று பார்க்க, பொறுக்கும் கொட்டகைக்குப் போனோம். சன்னலோரம் நாற்பது பெண்கள், ஆளுக்கொரு தட்டு. இயந்திரம் அளவையும் எடையையும் பிரித்துவிடும். கடைசிப் பார்வை இவர்களுடையது.

தம்பி ஒரு அக்காவின் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார். ஐம்பது வயதிருக்கும். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை. பேச்சு நடந்துகொண்டே இருந்தது, விரல் நிற்கவில்லை. ஒன்றைத் தள்ளினார்: "பூச்சி ஓட்டை." இன்னொன்று: "உடைசல்." கறுத்துப்போன ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது மரத்துல பறிச்சது இல்ல சார். மண்ணுல விழுந்து கெடந்த பழம்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். மலையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவராம். அப்பா கவாத்து வெட்டுவார், அம்மா பழம் பறிப்பார். கிளைக்குக் கை எட்டாத வயதில் இவருக்குக் கொடுத்த வேலை, செடிக்கடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்குவது. "அட்டை கடிக்கும், ரத்தம் வரும், தெரியாது. சாயங்காலம் கணக்கு முடிக்கையிலதான் பாப்போம்." அப்போது கையால் பொறுக்கிச் சேர்த்த அதே பழத்தை இப்போது கொட்டையாகப் பார்த்துத் தள்ளுகிறார். பதினேழு வயதில் கீழே கட்டிக்கொடுத்தார்கள். கணவர் தென்னை ஏறுபவர். மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு வீட்டோடு இருக்கிறார். சீசன் முடிந்தால் இந்த அக்காவுக்கு நூறுநாள் வேலை, இல்லாவிட்டால் நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிப்பு. இரண்டு பெண்களைப் படிக்கவைத்தது இந்தத் தட்டு. நான்கு வருடத்துக்கு முன் கண் முகாமில் கண்ணாடி கொடுத்தார்கள். "கண்ணாடி போட்டப்புறந்தான் தெரிஞ்சுச்சு, அதுக்கு முந்தி எத்தனை கறுப்பை விட்டுருப்பேனோன்னு. ரெண்டு நாளு தூக்கம் வரலை."

தள்ளிய கொட்டைகளும் வீணாவதில்லை. கறுப்பும் பழுப்பும் உடைசலும் சேர்ந்து தனித் தரமாக, மலிவான தூளுக்குப் போகின்றன.

மதியம் பெரும்பாறைப் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர் நான்கு மூட்டையோடு வந்து காத்திருந்தார். மூன்று ஏக்கர். அவர் காபிக்கு இதுவரை யாரும் மதிப்பெண் போட்டதில்லை. பருவத்துக்கு முன்பே முன்பணம் கொடுத்துவிடும் வியாபாரி மலைக்கே வந்து, கொட்டையைக் கையில் அள்ளிப் பார்த்து, ஈரம் இருக்கிறது என்று எடையில் கழித்து, பத்துத் தோட்டத்துச் சரக்கோடு கலந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். நியூயார்க் சந்தையில் அராபிகாவுக்கு விலை ஏறினால் அது மலைக்கு வந்துசேர மாதக்கணக்கு ஆகிறது. இறங்கினால் மறுநாளே வந்துவிடுகிறது. இந்தமுறை முன்பணம் வாங்காமல், நண்பர் சொல்லித் தானே கொண்டுவந்திருக்கிறார்.

தம்பி அவருக்கு எண்பதின் கதையை விளக்கினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி. எண்பத்தி மூணுன்னா கிலோவுக்கு எவ்வளவு கூட?" என்றார்.

தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. 1990-கள் வரை விளைந்ததை எல்லாம் காபி வாரியத்திடம்தான் கொடுக்கவேண்டும், பணம் தவணை தவணையாக வரும் என்ற நிலை இருந்தது. 1996-ல் யாருக்கும் விற்கலாம் என்ற முழுச் சுதந்திரம் வந்தது. தன் கையில் இருப்பது என்ன தரம் என்று தெரியாதவனுக்கு அந்தச் சுதந்திரத்தால் என்ன பயன்? தெரிந்தவன் சொல்வதுதான் விலை. கலந்து ஏற்றும் வியாபாரி திருடுவது எடையில் மட்டும் இல்லை. இது என் தோட்டத்து ருசி என்று ஒருவன் சொல்லிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போகிறான். 2019-ல் குடகு, வயநாடு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, அரக்கு ஆகிய ஐந்து காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் நம் மலை இல்லை. பெங்களூரில் என் அக்கா மகன் குடிக்கும் பியரைக் காய்ச்சியவருக்கு அன்றிரவே மதிப்பெண் போய்ச் சேர்கிறது. மூன்று ஏக்கர்க்காரருக்கு ஆயுள் முழுக்க ஒரு தாள்கூட வருவதில்லை. அறுவடைக் காலத்தில் மலையூர் ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, ஐந்து கோப்பை, ஒரு வெந்நீர்ப் பாத்திரம் போதும். மதிப்பெண்ணையும் காரணத்தையும் விவசாயியின் கையில் தமிழில் எழுதிக் கொடுங்கள். விலை பேச அவருக்கு வாய் வரும்.

கிளம்பும் முன் கொட்டகைக்குத் திரும்பிப் போனேன். காலையில் நடந்ததை அந்த அக்காவிடம் சொன்னேன்: 83 வரவேண்டியது 77 ஆனது, காரணம் ஒரு கொட்டை. அவருடைய விரல்கள் முதல்முறையாக நின்றன.

"யாரு தட்டுன்னு சொன்னாங்களா சார்?"

அப்படி யாரையும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் மதிப்பெண் என்ற ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது அன்றுதான். அதுவும் ஒரு குற்றமாக வந்து சேர்ந்தது. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"அப்ப, நல்லா இருந்துச்சே அந்த நாலு கப்பு, அது யாரு தட்டுன்னு கேட்டாங்களா?"