கோட்டின் முகவரி

பள்ளிக்கரணையில் நான் குடியேறிய காலத்தில், வேளச்சேரி–தாம்பரம் சாலையோரம் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் ஒருவர் கடை வைத்திருந்தார். கடை என்பது கீற்று வேய்ந்த சாய்ப்பு; அவ்வளவே. எனாமல் வண்ண டப்பாக்கள், தேய்ந்த தூரிகைகள், சுண்ணப்பொடி தடவிய நூல். அந்நூலைத் தகரத்தின்மேல் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அக்கோட்டின்மேல் எழுத்துகள் வந்து அமரும். மருந்துக்கடைக்கு அவர் எழுதுவது விறைப்பாக நிற்கும்; தேநீர்க்கடைக்கு எழுதுவது உருண்டு திரண்டிருக்கும். பலகையின் மூலையில் தம் பெயரை அவர் எழுதியதே இல்லை. எனினும், மேடவாக்கத்தில் ஒரு பலகையைக் கண்டாலும் அது அவர் கைவண்ணம் என்று பேருந்தில் இருந்தபடியே சொல்லிவிடுவேன். ழகரத்தின் கீழ்வளைவை அவர் இழுக்கும் விதம் அப்படி. ஃபிளெக்ஸ் பதாகைகள் வந்தபின் அந்தச் சாய்ப்பு இல்லாமற் போயிற்று.

அவரை மீண்டும் நினைக்கவைத்தவள் என் பழைய மாணவி. காட்சித் தொடர்பியல் படித்து முடித்தவள், சென்ற ஆண்டு ஒரு மாலையில் வீட்டிற்கு வந்தாள். வடிவமைப்பில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் தந்திருந்தார் அவள் தந்தை. ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அந்த ஓராண்டில் இரண்டு வாரங்களே எஞ்சியிருந்தன. தன் படைப்புத் தொகுப்பை என்முன் விரித்தாள். முதல் பக்கத்தில் அவள் பெயரின் முதலெழுத்து ஒரு வட்டத்துக்குள் இருந்தது. அதற்கெனத் தேர்ந்த மூன்று வண்ணங்கள், ஒரே வகை எழுத்துரு, அதே சின்னம் பொறித்த முகவரி அட்டை. “என் அடையாளத்தை உருவாக்கிவிட்டேன், ஐயா” என்றாள்.

நாற்பது பக்கங்களைப் புரட்டினேன். யாவும் தூய்மையாக இருந்தன. ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் எங்கோ முன்பே பார்த்தது போலிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுந்துசென்று, ஓவியர் ஆதிமூலத்தின் எழுத்துகள் அட்டையில் அமைந்த பழைய நூல் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தேன்.

கே. எம். ஆதிமூலம் 1938-இல் துறையூரை அடுத்த கீரம்பூரில் பிறந்தவர். சிற்பி தனபாலின் வழிகாட்டுதலில் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி, காந்தியடிகளைக் கறுப்பு மையின் கோடுகளாலேயே நூறு ஓவியங்களாக வரைந்தார். ஒரே முகத்தை நூறு முறை வரைபவனுக்கு அந்த முகம் மட்டுமன்று, தன் கையும் விளங்கிவிடும் என்பது என் எண்ணம். தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் எழுதிய தலைப்பெழுத்துகளில் அதே கை தெரியும். அச்சுக்கூடத்து ஈய எழுத்துகள் எல்லா நூல்களுக்கும் ஒரே முகத்தைத் தந்த காலம் அது. அவரோ வளைவுகளைச் சற்றே முறித்து, தூரிகை அழுந்திய இடமும் தளர்ந்த இடமும் தெரியும்படி எழுதினார். கி. ராஜநாராயணனின் கரிசல் மண்ணுக்குக் கோட்டோவியம் தீட்டியதும் அந்தக் கைதான். பின்னாளில் அவர் வண்ணங்களாலான அருவ ஓவியங்களுக்குச் சென்றார். பழைய கோட்டின் புகழே போதும் என்று அவர் அங்கேயே நின்றுவிடவில்லை.

மாணவி அட்டையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு நான் எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்டாள்: “இவர் ஓவியர், ஐயா. வடிவமைப்பாளர் பிறருக்காக அல்லவா வேலை செய்கிறார்? அங்கே நம் முகம் தெரியலாமா?”

நியாயமான கேள்வி. இந்திய ரூபாயின் குறியீட்டை நாம் அன்றாடம் எழுதுகிறோம். தேவநாகரி ரகரத்தையும் உரோமானிய எழுத்தையும் இணைத்து அதை வடிவமைத்தவர் உதயகுமார் என்னும் தமிழர். 2010 ஜூலையில் நடுவண் அரசு அதனை ஏற்றது. அக்குறியீட்டில் அவர் பெயர் எங்கும் இல்லை; இருக்கவும் கூடாது. ஆனால் அவர் தமிழ் எழுத்துருவியலை ஆழ்ந்து ஆராய்ந்தவர். பல்லாண்டு எழுத்துகளின் வளைவையும் எடையையும் நோக்கிய கண், ஒரு சிறு குறியீட்டை வரையும்போதும் உடன் வராமலா போகும்? பெயர்ப்பலகை ஓவியரைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். மருந்துக்கடைக்கு வேண்டியதை மருந்துக்கடைக்கும், தேநீர்க்கடைக்கு வேண்டியதை அதற்கும் தந்தபின், ழகரத்தின் வாலில் மட்டும் அவர் மிச்சமிருந்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பதினொன்றாம் வகுப்பில் இவள் தமிழ்க் குறிப்பேட்டின் ஓரங்களில் பறவைகள் வரைவாள். சதுப்புநிலத்தில் தலையைத் தாழ்த்தி இரைதேடும் பூநாரை, நெற்றியில் வெள்ளை தீற்றிய நாமக்கோழி. ஐந்தாறு கோடுகள்தாம், பறவை எழுந்து நிற்கும். வேறு எவர் குறிப்பேட்டிலும் நான் அப்படியொரு கோட்டைக் கண்டதில்லை. “ஓரத்தை வெறுமையாக விடு” என்று சிவப்பு மையால் எழுதி, அழிக்கச் சொன்னவன் நான்.

“அந்தக் குறிப்பேடுகள் எங்கே, அம்மா?”

“பழைய தாள் கடையில் போட்டுவிட்டோம், ஐயா.”

அவள் அதை இயல்பாகத்தான் சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சிவப்பு மையைப் பற்றி நானே சொன்னேன். அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. அல்லது என்பொருட்டு மறந்ததாகச் சொன்னாளோ, அறியேன்.

மறுநாள் விடியலில் சதுப்புநிலத்தை ஒட்டிய சாலையோரம் அவளைக் கண்டேன். 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட அந்நிலத்தின் ஒருபுறம் குப்பைமேடு, மறுபுறம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவே கூழைக்கடாக்கள். வாகன இரைச்சலுக்கிடையே நின்றபடி வரைந்துகொண்டிருந்தாள். கை பழைய ஓட்டத்தை இழந்திருந்தது. வரைவதும் தாளைக் கிழிப்பதுமாக இருந்தாள். நான் அருகில் செல்லவில்லை.

பத்து நாள் கழித்துத் தொகுப்புடன் மீண்டும் வந்தாள். நாற்பது பக்கங்கள் பதினான்காகக் குறைந்திருந்தன. மீன்கடை ஒன்றுக்கு அவள் அமைத்த பெயர்ப்பலகையில், எழுத்துகள் நாரையின் கழுத்தைப்போல் ஒருபுறம் வளைந்து இறங்கின. அடுத்த பக்கத்துப் பேருந்து வழித்தட வரைபடத்திலும் அதே வளைவு மெல்லத் தெரிந்தது. முதல் பக்கத்து வட்டச் சின்னம் மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.