அரிசிப் பானையில் ஒளித்த குறுந்தகடு

எம் மகனுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, யாம் ஒரு குறுந்தகட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தோம். இதனை வெளிப்படையாக எழுதுவதில் எமக்குச் சிறிது நாணம் உண்டு. ஆயினும் இவ்விதழைப் படிக்கும் அன்பர்களுள் பிள்ளை பெற்றோர் பலர் இருத்தலின், ஒளிக்காமல் கூறிவிடுவதே முறை.

அது 2005-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. கடலடியில் சென்னையிலிருந்து இழுத்த கம்பி நம் தீவுகளை எட்டியது 2020 ஆகஸ்டில்தான். அதற்கு முன் இணையம் செயற்கைக்கோள் வழியாக ஊர்ந்து வந்த கதையைக் கராச்சர்மாவில் குடியிருந்தோர் மறந்திருக்க மாட்டார். ஆதலின் துணி, ஊறுகாய், பாடநூல் போலவே விளையாட்டும் மூன்று நாள் கடல் கடந்து கப்பலில்தான் வரவேண்டும். எம் மைத்துனர் மகன் கொணர்ந்த பையில், மாவடுச் சாடிக்கும் சட்டைகளுக்கும் நடுவே இருந்தது 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி' என்னும் கணினி விளையாட்டு. ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரின் ராக்ஸ்டார் நார்த் நிறுவனத்தார் உருவாக்கி, 2002-இல் வெளிவந்தது அது.

ஒரு மாலை பணி முடிந்து வீடு திரும்பினோம். திரையில் ஒருவன் காரை மறித்தான், உள்ளே இருந்த பெண்ணை இழுத்துத் தள்ளினான், வண்டியோடு பறந்தான். காவலர் துரத்தினர். அவனை ஓட்டுபவன் எம் மகன்! இரைந்தோம், தகட்டைப் பிடுங்கினோம். பையன் அழவில்லை. "நான் பெரும்பாலும் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டிப் பாட்டுத்தான் கேட்பேன், அப்பா" என்றான். யாம் நம்பவில்லை.

பானையில் அரிசி குறைந்த நாளன்று எம் இல்லாள் தகட்டைக் கண்டெடுத்தாள். எம்மைக் கேளாமலே அவனிடம் கொடுத்துவிட்டாள். ஞாயிறன்று அவனுக்குத் தெரியாமல் பின்னால் நின்று பார்த்தோம். அவன் உரைத்தது மெய்தான். சிவப்பு விளக்கு எரிந்தால் நின்றான். தென்னைகளின் ஊடே அந்தி சாய்ந்தது; மழை பெய்தது; வண்டி வானொலி பாடியது. எம்மைக் கண்டதும், ஒன்று காட்டுகிறேன் என்று கூறி வண்டியைக் கடலுக்குள் விட்டான். கதாநாயகன் உடனே மாண்டான். அத்துணைப் பெரிய கொலைஞனுக்கு நீச்சல் தெரியாதாம்! தீவுப் பிள்ளையான அவனுக்கு அது பெருவேடிக்கை; எமக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த அந்தியும் அந்தப் பாட்டும் எங்கிருந்து வந்தன என்பதை யாம் அறிந்தது பதினாறு ஆண்டுகள் சென்ற பிறகு. சென்னையில் வேலையாயிருந்த மகன், 2021 பொங்கலுக்கு வந்தபோது 'மியாமி வைஸ்' என்னும் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் தகடுகளைக் கொண்டுவந்தான். 1984-இல் தொடங்கி ஐந்து பருவங்கள் வந்த தொடர் அது. அந்தோணி யெர்கோவிச் படைத்தது. மைக்கேல் மான் முன்னின்று நடத்தியது. மாறுவேடத்தில் போதைப்பொருள் வணிகரிடையே திரியும் இரு காவலரின் கதை. மண்ணின் நிறங்கள் திரையில் தலைகாட்டலாகாது என்று மான் விலக்கினார் என்பர். எனவே எங்கும் இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் வெண்மையுமே. இசை ஜான் ஹாமருடையது. இவர் முன்பு மகாவிஷ்ணு இசைக்குழுவில் ஜான் மெக்லாஃப்லினுடன் வாசித்தவர்; அந்த மெக்லாஃப்லினே பின்னர் நம் எல். சங்கரின் வயலினோடும் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் 'சக்தி' குழுவில் இணைந்தார். இசையன்பர்கள் இதனைக் கேட்டு மகிழ்வார்கள் என்றே இங்குச் செருகினோம்.

இத்தொடரின் வழியில் வந்த படங்கள் பல. மியாமியில் இரு காவலரை ஓடவிட்ட 'பேட் பாய்ஸ்' 1995-இல் வந்தது. மான் தாமே 2006-இல் தொடரைத் திரைப்படமாக்கினார். அதில் பழைய இளநிறங்களைத் துறந்து இருளையே பூசினார். ஆனால் நிறங்களை முழுமையாகச் சுவீகரித்தது விளையாட்டுத்தான். அதன் கதை நிகழும் ஆண்டு 1986. மாளிகையையும் முடிவுச் சண்டையையும் 'ஸ்கார்ஃபேஸ்' படத்தினின்று எடுத்துக்கொண்டது. மற்றவை பெரும்பாலும் இத்தொடரின் சொத்து. காவலர் டப்ஸாக நடித்த பிலிப் மைக்கேல் தாமஸ், விளையாட்டில் லான்ஸ் வான்ஸ் என்னும் கடத்தல்காரனுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். குற்றம் மூன்று நட்சத்திர அளவுக்கு ஏறினால், பந்தயக் காரில் இரு துப்பறிவாளர் துரத்தி வருவர். தொடரில் நாம் எந்தக் காருக்குள் அமர்ந்திருந்தோமோ, அதே கார் இங்கு நம்மைப் பிடிக்க வருகின்றது.

முதற்கதையை எம் கூடத்தில் இருவரும் பார்த்தோம். வெண்சட்டை, படகு, தென்னை என்று ஒவ்வொன்றையும் மகன் பழைய நண்பனைப் போல அடையாளம் கண்டு பெயர் சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு அந்த இரவுப் பயணம் வந்தது. பகைவனை எதிர்கொள்ளக் காவலர் இருவரும் நகரின் ஊடே காரில் செல்கின்றனர், பேச்சில்லை, பில் காலின்ஸின் பாடல் ஒலிக்கின்றது. வழியில் கிராக்கெட் வண்டியை நிறுத்திப் பொதுத் தொலைபேசிக்குச் செல்கிறான். பிரிந்து வாழும் மனைவியை அழைத்து, நாம் வாழ்ந்த வாழ்வு மெய்தானே என்று கேட்கிறான். மெய்தான் என்கிறாள் அவள். அவன் மீண்டும் வந்து வண்டியில் ஏறிக்கொள்கிறான்.

மகன் படத்தை நிறுத்தினான். "விளையாட்டிலும் தெருவோரத் தொலைபேசி உண்டு, அப்பா. அது மணியடிக்கும், எடுத்தால், யாரைக் கொல்ல வேண்டும் என்று ஒருவன் சொல்லுவான்" என்றான்.

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. வண்டி, இரவு, பாட்டு யாவும் அந்நகருக்குக் குடிபெயர்ந்தன. 2006-இல் வந்த அதன் முன்கதையில் பில் காலின்ஸே தம் உருவில் தோன்றுகிறார். அதே பாடலும் ஒலிக்கின்றது. வராமற்போனது கிராக்கெட் கேட்ட கேள்வி ஒன்றே. பதின்மூன்று வயதுப் பையன் எவரையும் இடிக்காமல் அச்சாலையில் ஓட்டித் திரிந்தபோது அதைத்தான் தேடினானோ, அல்லது பாட்டு மட்டும் போதுமென்றிருந்தானோ, யாம் கேட்கவில்லை.

2023 டிசம்பரில் வெளியான முன்னோட்டம், அடுத்த விளையாட்டும் வைஸ் சிட்டிக்கே திரும்புவதைக் காட்டியது. மகன் அதனை எமக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் அழைத்தான். அந்தப் பழைய தகடு இன்னும் வீட்டில் இருக்கிறதா என்றான். யாம் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தோம். எம் இல்லாள் அடுக்களையிலிருந்து நகைத்தாள். எங்கே வைத்திருக்கிறாள் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.