சிங்கையில் சங்கொலி

பொதிகை மலையினின்று இறங்கிவரும் பொருநை, சமவெளியைத் தொடும் இடத்தில் பாபநாசம் திருத்தலம் விளங்குகிறது. இந்திரனுடைய பாவம் நீங்கிய தலம். அகத்தியருக்கு இறைவன் திருமணக் கோலம் காட்டியருளிய தலம். நவ கைலாயங்களுள் முதலாவது. அதன் அருகே உள்ள விக்கிரமசிங்கபுரத்தைப் புலவர்கள் சிங்கை என்பர்.

ஆலை வருமுன் இவ்வூரில் ஒன்றுமே இல்லை என்று பேசுவோர் உண்டு. அது பிழை. சிவஞானபோதத்துக்கு மாபாடியம் வரைந்த சிவஞான முனிவர் பிறந்தது இவ்வூரில்தான். இளம் பருவத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்து அடியார்களை இல்லத்துக்கு அழைத்துவந்து அமுது செய்வித்து, பின்னர் அவர்களோடே புறப்பட்டுவிட்டவர் அவர். 1785இல் சிவபதம் அடைந்தார். உலகம்மையின் அடியவரான நமசிவாயக் கவிராயரும் இவ்வூரினரே. அர்த்தசாம வழிபாடு முடிந்து, தாம்பூலம் மென்றபடி பாடிக்கொண்டே அவர் இல்லம் திரும்புவாராம். பாட்டைக் கேட்கும் ஆவலில் அம்மை பின்தொடர்ந்து வருவாளாம். அவர் உமிழ்ந்த தாம்பூலச் சாறு அம்மையின் ஆடையில் தெறித்திருக்க, மறுநாள் காலை அர்ச்சகர் கண்டு திகைத்தார் என்பது ஊரார் சொல்லும் வரலாறு.

கவிராயர் நடந்த அந்தப் பக்கம், பிற்காலத்தில் பஞ்சும் நூலும் சுமந்த வண்டிகள் செல்லும் வழியாயிற்று. 1880களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை எழுப்பினர். பஞ்சு விளைவது கிழக்கே கரிசல் நிலத்தில். ஆலையோ மேற்கே மலையடிவாரத்தில். காரணம் நீர்தான். மலையினின்று விழும் பொருநையின் விசை இயந்திரங்களைச் சுழற்றியது. மதுரையில் அவர்களது ஆலை தோன்றியது இதற்குப் பின்னர், 1892இல். பாவம் தீர்க்க வந்தோர் நீராடிய அதே ஆறு, பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறும் அளித்தது.

அவ்வாறு வந்த குடும்பங்களுள் ஒன்றின் கதை இது. கரிசல் காட்டில் மழை பொய்த்த ஆண்டு ஒன்றில் மூட்டை முடிச்சோடு வந்த ஒருவர் ஆலையில் சேர்ந்தார். அவருக்குப்பின் அவர் மகன். சங்கு ஊதினால் எழுவதும், சங்கு ஊதினால் உண்பதுமாக அம்மகனின் முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. இரவு வேலை முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சுத் தூசியோடு ஆற்றில் மூழ்கி, விடியற்காலையில் பாபநாசநாதரை வணங்கிவிட்டே இல்லம் செல்வார். அவருடைய மனைவியார் வெள்ளிதோறும் உலகம்மை சந்நிதியில் உள்ள உரலில் மஞ்சள் இடிப்பார். அந்த மஞ்சள்தான் அம்மையின் திருமஞ்சனத்துக்குச் சேரும்.

இப்பொழுது இருவருக்கும் எழுபதைக் கடந்த வயது. மகன் பெங்களூரில் இருக்கிறார். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று அழைக்கிறார். அவர் அழைப்பிலும் குற்றமில்லை. தந்தையின் மூச்சு இரைப்பு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே வருகிறது. நல்ல மருத்துவம் வேண்டுமெனில் போகத்தான் வேண்டும் என்பதை அவரும் அறிவார். சென்ற ஆண்டு ஒரு மாதம் அங்கே தங்கியும் பார்த்தார். விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் கட்டிலிலேயே அமர்ந்திருந்தாராம்.

தை மாதத்தில் வீட்டுக்கு விலை பேச ஆள் வந்தது. விலையும் ஏறத்தாழப் படிந்துவிட்டது. அவர் ஒப்புக்கொள்ளும் நிலையில், அடுக்களையிலிருந்து அம்மையார் குரல் கொடுத்தார்:

"சித்திரை விசு கழியட்டும். அம்மை கல்யாணத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுவோம்."

வந்தவர் கணவரின் முகத்தைப் பார்த்தார். அவர் முன்பணத்தை எடுத்து, எண்ணாமலே திருப்பிக் கொடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை. அம்மையார் மஞ்சள் கிழங்குகளைக் கழுவித் துணியில் முடிந்துகொண்டு, பேருந்துக்குப் புறப்பட்டார்.