ஏழடிப்பட்டத்தில் என் பெயர்

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் எவனாவது பாறை ஏறுவானா? ஏறினேன். கூடவே மனைவி, நாலாம் கிளாஸ் படிக்கும் பையன்.

புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் 16 கிலோமீட்டர்தான். அன்னவாசல் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியெல்லாம் பொட்டல், நடுநடுவே கண்மாய், திடீரென்று ஒரு மொட்டைப் பாறை. "இதுக்கா என்னை அஞ்சு மணிக்கு எழுப்புனீங்க?" என்றாள்.

அறிவர் கோயிலுக்குள் போய் அண்ணாந்து பார்த்ததும் அம்மணி கப்சிப். கூரையில் தாமரைக்குளம்! மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தச் சமணக் குடைவரையைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. பி.காம். புத்தி சும்மா இருக்குமா? தேய்மானம் போட்டுப் பார்த்தேன். ஆபீஸ் நாற்காலிக்கே பத்து வருஷத்தில் மதிப்பு பூஜ்யம். இங்கே நிறைய உதிர்ந்துபோயும், மிச்சமிருக்கிற பச்சை 1100 வருஷம் கழித்தும் பச்சைதான்.

அடுத்து மலைமேல் ஏழடிப்பட்டம். கால் வைக்கப் பாறையில் வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர். இப்போது பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. குகையில் சமணத் துறவிகளின் 17 கல் படுக்கைகள், தலையணையும் கல்தான். ஒன்றில் சுமார் 2000 வருஷத்துத் தமிழ்ப் பிராமி எழுத்து. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடிக்கு இளையர் செய்துகொடுத்த இருக்கை என்று அறிஞர்கள் படித்திருக்கிறார்கள்.

வழிநெடுக நம்மாட்களும் 'கல்வெட்டு' வைத்திருந்தார்கள். அம்பு விட்ட இதயம் வேறு. எனக்கு வந்ததே கோபம்! "2010-ல சட்டத்தைத் திருத்திட்டாங்கடா. நினைவுச் சின்னத்தைக் கெடுத்தா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்!" என்று பையனிடம் முழங்கினேன்.

"அப்பா, இங்க உங்க பேரு!"

திக்கென்றது. பதினைந்து வருஷத்துக்கு முன் காலேஜ் டூரில் கூர்க்கல்லால் கீறியது. இனிஷியலோடு! அடுத்த தடவை வருவதற்குள் மழை அழித்துவிடும் என்று நினைத்திருந்தேன். கர்ச்சீப்பை நனைத்துத் தேய்த்தேன். கர்ச்சீப்தான் கிழிந்தது. பையன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பக்கத்துல 'ச'ன்னு இருக்கே, அது யாருங்க?"

"சித்தன்னவாசல்... முதல் எழுத்து."

"அப்பா, அப்ப உங்களுக்கு ரெண்டு வருஷமா?"

"ஜெயிலெல்லாம் எதுக்குடா?" என்றாள் மனைவி. "வீட்டுக்கு வரட்டும்."