கடலில்லாத நாட்டின் காப்பி

உலகத்துக்குக் காப்பியைக் கொடுத்த நாடு எத்தியோப்பியா. அங்கே ஏற்றுமதிக்குத் தேறும் கொட்டையை உள்ளூர்ச் சந்தையில் விற்கக் கூடாது என்று நெடுங்காலமாகச் சட்டம் இருந்துவருகிறது. நல்லதெல்லாம் கப்பலேற வேண்டும். தரம் பிரிக்கையில் கழித்துப் போட்டது ஊருக்கு. அடிஸ் அபாபாவில் ஒரு வியாபாரி இதைச் சர்வசாதாரணமாகச் சொன்னபோது என்னால் ஏற்கவே முடியவில்லை. காப்பியை அந்த மக்கள் மதிப்பதுபோல் மதிப்பவர்களை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஒரு தெருவோரக் கடையில் அந்த மதிப்பைக் கண்ணால் பார்த்தேன். தரையில் அன்று அறுத்த பச்சைப் புல்லைப் பரப்பியிருந்தார்கள். பூக்கரை போட்ட வெள்ளைப் பருத்தி உடுப்பில் ஒரு பெண், கரி அடுப்பின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து பச்சைக் கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தார். கொட்டை கறுத்து எண்ணெய் மினுங்கியதும் தட்டோடு எழுந்து ஒவ்வொருவர் முகத்தருகிலும் கொண்டுவந்தார். அந்தப் புகையைக் கையால் அள்ளி மூக்குக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு உரலில் இடித்தார். நீண்ட கழுத்துள்ள ஜெபெனா என்ற மண் கூஜாவில் கொதிக்கவிட்டார். கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினார், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. அதே தூளில் மறுபடி மறுபடி தண்ணீர் விடுகிறார்கள். மூன்றாவது சுற்றுக்கு முன் எழுந்தால் மரியாதையில்லை. சாம்பிராணிப் புகைக்கு நடுவே, சோளப்பொரியைக் கொறித்தபடி ஒரு பெரியவர் "இந்தியாவா?" என்று கேட்டார். பள்ளியில் தனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்தியர் என்றார். பேரரசர் ஹைலே செலாசி காலத்தில் நம் நாட்டு ஆசிரியர்கள் ஏராளமானோர் அங்கே போய்ப் பாடம் நடத்தினார்கள். இன்றைக்கும் ஓர் இந்திய முகத்துக்கு அந்த ஊரில் கிடைக்கும் அன்பு அவர்கள் சேர்த்துவைத்தது.

விளைவதில் ஏறக்குறையப் பாதியை எத்தியோப்பியர்கள் தாங்களே குடித்துவிடுகிறார்கள். கென்யாவும் உகாண்டாவும் ருவாண்டாவும் காப்பி விளைவிக்கின்றன, ஆனால் பெரும்பகுதியை விற்றுவிடுகின்றன. எத்தியோப்பியா மட்டும் மிச்சப் பாதியைக் கொண்டு, 12 கோடிப் பேருக்கு மேல் வாழும் ஒரு நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை ஈட்டுகிறது.

அந்த வருமானம் ஏன் உயிர்நாடியாக இருக்கிறது என்பது வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். 1993-இல் எரித்திரியா தனி நாடானபோது செங்கடல் கரை முழுவதும் அதோடு போயிற்று. பெட்ரோல், மருந்து, உரம், கம்பி என்று வெளியிலிருந்து வருவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜிபூத்தித் துறைமுகம் வழியாகத்தான் வருகிறது. சீனக் கடனில், சீன நிறுவனங்கள் போட்ட சுமார் 750 கிலோமீட்டர் மின்ரயில் பாதை அந்தத் துறைமுகத்துக்கு ஓடுகிறது. ஆனால் எதை வாங்கவும் டாலர் வேண்டும், டாலரோ பல ஆண்டுகளாக வங்கியில் எளிதில் கிடைக்கவில்லை.

இங்கேதான் அந்த வியாபாரி சொன்ன இன்னொரு விஷயம் என்னை உலுக்கியது. பல ஆண்டுகளாக ஏற்றுமதியாளர்கள் பலர் காப்பியை வாங்கிய விலைக்கும் குறைவாக வெளிநாட்டில் விற்றார்களாம். கையில் டாலர் வந்தால் போதும். அதைக் கொண்டு சரக்கு இறக்குமதி செய்து உள்ளூரில் கொள்ளை லாபத்துக்கு விற்றுவிடலாம். காப்பியில் விழுந்த நஷ்டம் கம்பியிலும் வாகனத்திலும் எழுந்துவிடும். உலகமே வியக்கும் ஒரு விளைபொருள், சொந்த நாட்டில் டாலர் வாங்கும் டோக்கனாகிவிட்டது. 2023 டிசம்பரில் வெளிநாட்டுக் கடனுக்கான 3.3 கோடி டாலர் வட்டித் தவணையை அரசு கட்டவில்லை. 2024 ஜூலை 29 அன்று பிர் நாணயத்தின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். டாலருக்கு 57 பிர் என்றிருந்தது சில வாரங்களில் நூறைத் தாண்டியது. காப்பி ஏற்றுமதி செய்பவருக்கு அது நிம்மதி. மருந்து வாங்குபவருக்கு அப்படியில்லை.

தெற்கே, காப்பிக்குப் பேர்போன யிர்காசெஃபேவுக்குப் போனேன். பிளவுப் பள்ளத்தாக்கின் ஏரிகளை ஒட்டி நீளமான சாலை. ஹவாசாவில் 2016-இல் திறந்த தொழிற்பூங்காவின் நீண்ட கொட்டகைகளைப் பார்த்தேன். ஆடை தைத்து முன்னேறலாம் என்று நாடு நம்பிய இடம் அது. வடக்கே நடந்த திக்ரே உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி 2022 தொடக்கத்தில் அமெரிக்கா வரிச்சலுகையை நிறுத்தியது, பல ஆலைகளுக்கு ஆர்டர் இல்லாமல் போயிற்று.

அதைத் தாண்டி மலையேறினால் கெடியோ மக்களின் நிலம். தோட்டம் என்று சொல்லத் தயக்கமாயிருந்தது, காடு போலத்தான் இருந்தது. மேலே பெருமரங்கள், நடுவே வாழை மாதிரியே இருக்கும் என்செட், அதன் நிழலில் காப்பி. என்செட் குலைக்காக வளர்ப்பதல்ல. தண்டையும் கிழங்கையும் சுரண்டி மண்ணில் புதைத்துப் புளிக்கவைத்து ரொட்டி சுடுகிறார்கள். சோறும் காசும் ஒரே நிழலில் வளர்கின்றன. காப்பி விலை விழுந்த வருஷத்திலும் இங்கே அடுப்பு அணையாததற்கு இதுதான் காரணம். 2023-இல் யுனெஸ்கோ இந்த நிலத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய விருதுக்கும் தகும்.

என்னை வீட்டுக்கு அழைத்த ஓர் அம்மா, தனக்கென்று வைத்திருந்த காப்பியில் கொஞ்சம் உப்பும் ஒரு கொத்து அருவதா இலையும் போட்டுக் கொடுத்தார். மரத்திலேயே காய்ந்துபோன கடைசிப் பறிப்பு அது. சிவந்த பழமெல்லாம் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்விட்டது. ஐந்தாறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ கொட்டை தேறும்.

சங்கத்தின் கழுவும் நிலையத்துக்கு அவரோடு நடந்தேன். தோல் உரித்த கொட்டையைத் தொட்டியில் புளிக்கவைத்து, வாய்க்காலில் அலசி, இடுப்பளவு உயரப் பரண்களில் உலர்த்துகிறார்கள். பெண்கள் வரிசையாக நின்று, உடைந்ததையும் பூச்சி அரித்ததையும் விரல்நுனியால் பொறுக்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் ஒதுக்கிய கொட்டைகள் ஒரு கூடையில் சேர்ந்தன. நான் தெருவில் குடித்த காப்பி இப்படியொரு கூடையிலிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

காப்பி போன்ற விளைபொருள்களை விற்க, 2008-இல் பொருளியலாளர் எலெனி கப்ரே மத்ஹின் முன்னின்று ஒரு சரக்குச் சந்தையை அடிஸில் தொடங்கினார். இடைத்தரகர் சொன்னதே விலை என்றிருந்த நிலையை அது மாற்றியது. விலை ஊருக்குத் தெரிந்தது, விற்றவருக்குப் பணம் உடனே போனது. ஆனால் மூட்டைகளைத் தரவாரியாகக் கலந்ததில் எந்த மலை, யார் தோட்டம் என்பது மறைந்தது. யிர்காசெஃபே போன்ற ஊருக்கு அது பெரிய இழப்பு. 2017-க்குப் பிறகுதான் விளைந்த இடத்தின் அடையாளத்தோடு விற்க வழி பிறந்தது. இப்போது அந்த அடையாளமே கட்டாயமாகிறது. காடழித்து விளைவித்த காப்பி வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டதால், சங்கத்து இளைஞர் ஒருவர் கைப்பேசியோடு ஒவ்வொரு தோட்டத்தையும் சுற்றி எல்லை குறித்துக்கொண்டிருந்தார். வேலியில்லாத இடத்தில் எல்லை எது? அந்த அம்மாதான் முன்னால் நடந்து மரம் மரமாகக் காட்டினார். தலைமுறைகளாகக் காட்டைக் காத்தவர், காட்டை அழிக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சங்கத்தில் பழம் கொடுத்த அன்றே முதல் பணம் வந்துவிடும். லாபத்தில் பங்காக இரண்டாவது பணம் பிறகு வரும். எப்போது என்று கேட்டேன். மோஜோ உலர்துறைமுகம், ஜிபூத்தி, கப்பல், வெளிநாட்டு வங்கி, சங்கங்களின் யூனியன், சங்கம் என்று அந்த அம்மா வரிசை பிசகாமல் சொன்னார். கடலை அவர் பார்த்ததில்லையாம். போன வருஷத்துப் பணத்தில் கூரைக்குத் தகரம் போட்டிருக்கிறார். இந்த வருஷம் கிழட்டு மரங்களில் சிலவற்றை முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டுப் புதுக்கிளை விடவைக்கப் போகிறாராம். அவை மறுபடி காய்க்க இரண்டு மூன்று வருஷமாகும், அதுவரை வருமானம் குறையும். எந்தெந்த மரம் என்று முடிவு செய்து, பட்டையில் கத்தியால் கீறியும் வைத்திருந்தார்.