தோற்கிற டீமுக்கு டிக்கெட் எடுத்த மாப்பிள்ளை

"மாமா, இவங்க எப்படியும் தோத்துடுவாங்க. ஆனா பாப்கார்ன் நல்லா இருக்கும்!"

2023-ல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை இப்படிச் சொல்லித்தான் என்னை மேட்சுக்கு அழைத்துப் போனார். அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், ப்ளூமிங்டன் என்ற ஊர். அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. முட்டை மாதிரிப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், முட்டி மோதி விழுகிறார்கள். காலுக்கு எப்போதாவதுதான் வேலை.

மாப்பிள்ளை சொன்னபடியே தோற்றார்கள். அந்த வருடம் இண்டியானா பல்கலைக்கழக அணிக்கு 12 ஆட்டத்தில் 3 வெற்றிதான். ஆனால் எதிரிகள் யார்? ஒஹாயோ ஸ்டேட்டின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். இங்கே அதில் பாதி.

எனக்கு இது பழகிய கதை. 32 வருடம் அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியார். விடுதியில் பாலும் முட்டையும் கொடுத்து வளர்க்கும் பள்ளிகளிடம் எங்கள் கபடி டீம் வருடா வருடம் தோற்கும். "வசதி இருக்கறவனோட மோத முடியுமாடா?" என்று பையன்களைத் தேற்றுவேன். தேற்றுவதாக நினைத்துக்கொள்வேன்.

நான் ஊர் திரும்பிய பிறகு அங்கே புது கோச் வந்தார். கர்ட் சிக்னெட்டி, வயது 62. நம் ஊரில் ரிடையர் ஆகி பென்ஷன் வாங்கும் வயது! பெரிய அணியான அலபாமாவில் உதவி கோச்சாக இருந்தவர், அதை விட்டுவிட்டு, பலரும் கேள்விப்படாத சின்னக் கல்லூரிகளில் பல வருடம் தலைமை கோச்சாக இருந்திருக்கிறார். வரும்போதே தன் பழைய அணியிலிருந்து 13 வீரர்களையும் உதவியாளர்களையும் கையோடு கூட்டி வந்துவிட்டார். இப்போது அங்கே வீரர்கள் கல்லூரி மாறுவது சுலபம். 2021 முதல் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம். 2025 முதல் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம். பணம் இல்லாமல் பெரிய அணிகளோடு நிற்க முடியாது, அதை மறைக்க வேண்டாம். இண்டியானாவும் செலவழித்தது.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. உயரம், உடம்பு பார்த்து 'இவன் வருவான்' என்று சிக்னெட்டி ஆள் எடுப்பதில்லையாம். களத்தில் ஏற்கெனவே என்ன செய்து காட்டியிருக்கிறான் என்றுதான் பார்ப்பாராம்.

2024-ல் 11 வெற்றி. ஆனால் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 38-15 என்று அடி வாங்கினார்கள். ராத்திரி பத்தரைக்கு மேல் போனில் பார்த்தேன். பந்தை எறிபவனைக் காக்க முன்னால் நிற்கும் ஐந்து தடியர்களைத் தள்ளிக்கொண்டு எதிரணி உள்ளே வந்துகொண்டே இருந்தது. ஓடுகிறவனும் எறிகிறவனும் கிடைத்துவிடுவார்கள். பெரிய அணியிடம் வித்தியாசம் தெரிவது இந்த முன்வரிசையில்தான். ஒருவன் களைத்தால் அதே தரத்தில் இன்னொருவன் வேண்டும். கபடியில் கார்னர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அடுத்த வருடம் முன்வரிசையைப் பலப்படுத்தினார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா வந்தார். 2025 டிசம்பரில் அதே ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று சாய்த்தார்கள். 1988-க்குப் பிறகு முதல் முறை! ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்று தேசிய சாம்பியனும் ஆனார்கள். மாப்பிள்ளை வீடியோ காலில் அழுதேவிட்டார். பின்னால் மகள், "அப்பா, ரெண்டு நாளா இவர் சாப்பிடவே இல்லை" என்று சிரித்தாள்.

எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். குள்ளம். ஊர்த் திருவிழா கபடியில் ரெய்டு போனால் பாயின்ட் இல்லாமல் திரும்ப மாட்டான். நான் அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு, 'வளர்ந்துடுவான்' என்று நெட்டைப் பையன்களை இறக்கினேன். மூன்று வருடமும்.

இப்போது எங்கள் பேருந்து நிலையம் பக்கம் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். என் ஸ்கூட்டர் அவனிடம்தான் சர்வீஸ். போன வாரம் போயிருந்தேன். "உட்காருங்க சார்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "சார், பிரேக் ஷூ தேஞ்சிருக்கு, மாத்திடவா?" என்றான். மாத்திடுப்பா என்றேன்.