அம்மைத் தழும்பும் இன்டர்லூக்கின்-7ம்

மண்டபம் முகாம் என்றால் இன்று இலங்கை அகதிகள்தான் நினைவுக்கு வருவார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில், தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களைச் சிலோன் அரசு அங்கேதான் தடுத்து வைத்துச் சோதித்தது. காலரா பயம், பெரியம்மை பயம். அம்மை குத்தித்தான் அனுப்பினார்கள்.

குத்தியது உயிருள்ள வாக்சினியா வைரஸ். தோலில் கொப்புளம் கிளம்பிக் காய்ந்து தழும்பாகும். அது நிஜமான தொற்றுதான். அமெரிக்காவின் ஓரிகனில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில், அம்மை குத்திப் பல பத்தாண்டுகள் ஆனவர்களிடமும் அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் இருந்தன. எண்ணிக்கை பாதியாகக் குறையவே 8 முதல் 15 ஆண்டுகள் ஆகின்றனவாம். எங்கள் பக்கத்து அப்பத்தாக்களின் புஜத்தில் அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணக்குதான் ஓடும்.

வைரஸை எதிர்த்துப் பெருகும் கொல்லும் டி செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சில வாரங்களில் செத்துவிடுகின்றன. மிஞ்சப்போவது எது? ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அகமதும் சூசன் கேக்கும் எலிகளில் காட்டியது இது: சண்டை உச்சத்தில் இருக்கும்போதே, இன்டர்லூக்கின்-7 என்ற சமிக்ஞைப் புரதத்தைப் பிடிக்கும் ஏற்பி சில செல்களில் மட்டும் தூக்கலாக இருக்கிறது, பிழைப்பவை பெரும்பாலும் அவைதான். அழற்சி நேரத்தில் இன்டர்லூக்கின்-12 அதிகம் பட்ட செல்லில் டி-பெட் என்ற புரதம் ஏறுகிறது. அந்தச் செல் நன்றாகக் கொல்லும், சீக்கிரம் சாகும். தப்பித்தவற்றை வைரஸே இல்லாத காலத்திலும் மெல்ல மெல்லப் பிரியவைத்துக் காப்பது இன்டர்லூக்கின்-15. ஆகவே நோயெதிர்ப்பு நினைவு என்பது பிற்பாடு வருவதல்ல, காய்ச்சலோடு காய்ச்சலாகவே முடிவாகிறது என்பது என் கட்சி.

அந்தச் சமிக்ஞைகளோ பெரும்பாலும் ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. செல்லுக்குச் சாயமேற்றி, ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் ஓட்டி, அவை விட்டுப்போன தடத்தைத்தான் படிக்கிறோம். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததும் தலைவலி தருவதும் அந்த இன்டர்லூக்கின்-7 ஏற்பி. திரையில் அது மங்கலாகத் தெரிந்தால், சாகப்போகும் செல் என்று எழுதக் கை பரபரக்கும். ஆனால் இன்டர்லூக்கின்-7-ஐ அப்போதுதான் வாங்கிக்கொண்ட செல்லும் ஏற்பியைக் குறைத்துக்கொள்ளும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சமிக்ஞை கிடைத்த செல்லில், சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதம் உயர்ந்திருக்கும். அதற்கும் சேர்த்துச் சாயமேற்றிய பிறகே அறிக்கையில் கை வைக்கிறேன்.